விண்டோஸில் ஓடிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஏன் ஃபோல்டரை உருவாக்கவில்லை?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. கானாடுகாத்தான் வீட்டில் உங்கள் ஐயா காலத்துப் பேரேடுகள், ஐந்தொகைகள், இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்தப் பத்திரங்கள்), ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறீர்கள். அவற்றை ஊர், விலாசம் (குடும்பத்தின் முன்னெழுத்துகள்), வருடம் என்று ஃபோல்டர் பிரித்து அடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியில் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் அது ஓடுகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஃபோல்டர் எதுவும் வரவில்லை. ஒரே இடத்தில் நீளநீளமான பெயரோடு ஃபைல்கள் குவிகின்றன. சென்னையில் மேக் வைத்திருக்கும் தங்கை கொஞ்சம் சரிபார்த்து ஜிப் செய்து திருப்பி அனுப்பினார். அதை விரித்தால் தேவகோட்டை என்ற ஃபோல்டர் இரண்டு தெரிகிறது. “எல்லா \ ஐயும் / ஆக மாற்றிவிட்டால் போதுமா?” என்பது உங்கள் கேள்வி.

உபுண்டு சிக்கலுக்குக் கிட்டத்தட்ட போதும். மற்றதற்குப் போதாது. ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை, அதாவது அதன் பாதையை, எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியும்படி எப்படி எழுதுவது என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. அதில் ஸ்லாஷ் ஒரு சின்னப் பகுதி. தமிழில் பெயர் வைக்கும் நமக்கு, அதுவும் செட்டிநாட்டு விலாசங்களை வைத்து அடுக்குபவர்களுக்கு, தொந்தரவெல்லாம் பெயர்களிலிருந்துதான் வருகிறது. பேரேடு, சுவடி, பழைய போட்டோ என்று இந்த மாதிரி வேலைக்கான ஸ்கிரிப்ட்களை மூன்று சிஸ்டத்திலும் பல வருடமாக எழுதி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஸ்லாஷை முடித்துவிடுவோம். யூனிக்ஸ் குடும்பத்தில் 1970களிலிருந்தே ஃபோல்டரைப் பிரிக்கும் குறி / தான். லினக்ஸும் மேக்கும் அந்த வழி. 1981-ல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது. கட்டளையோடு விருப்பங்களைச் சேர்த்துக் கொடுக்க அங்கே / ஐப் பயன்படுத்தினார்கள். 1983-ல் 2.0 பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால் \ வந்து சேர்ந்தது. விண்டோஸ் வரை அதுவே தொடர்கிறது. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே: / என்ற குறி, பூஜ்ஜிய பைட். அதாவது \ அங்கே க, ங, ச போல ஒரு சாதாரண எழுத்து. உங்கள் ஸ்கிரிப்ட் “கானாடுகாத்தான்\பேரேடு\பக்கம்” என்று கேட்டதும், அந்த முழுநீளத்தையும் ஒரே ஃபைலின் பெயராக எடுத்துக்கொண்டு உபுண்டு சமர்த்தாக எழுதி வைத்துவிட்டது. பிழை எதுவும் காட்டாததற்குக் காரணமும் அதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை; நீங்கள் சொன்ன அடையாளம் வேறு எதற்கும் பொருந்தாது.

மறுபக்கம், விண்டோஸ் பெரும்பாலான இடங்களில் / ஐயும் ஏற்றுக்கொள்ளும். பைத்தானிலிருந்து ஃபைல் திறக்கும்போது / போட்டாலும் விண்டோஸில் வேலை நடக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டின் சில பழைய கட்டளைகளும், \\?\ என்று தொடங்கும் நீளப் பாதைகளும் மட்டும் அடம் பிடிக்கும். எனவே மாற்றினால் ஓடும். ஆனால் பாதையை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துச் சரமாக, ஒட்டி ஒட்டி எழுதும் பழக்கம் அப்படியே இருக்கும். அடுத்த பிழை அங்கிருந்து வரும்.

அந்தப் பிழை உங்கள் ஸ்கிரிப்டில் ஏற்கெனவே ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. பைத்தான் ஸ்ட்ரிங்குக்குள் \ வந்தால் அதை அடுத்த எழுத்தோடு சேர்த்துப் படிக்கும்; சில எழுத்துகளோடு சேர்ந்தால் புதுவரி, டேப் என்று பொருள் மாறும். தமிழ் எழுத்து பின்னால் வந்தால் எதுவும் ஆகாது, \ அப்படியே நிற்கும். அதனால் “பேரேடு\ஐந்தொகை” பிழைத்துக்கொள்ளும். ஆனால் “பேரேடு\1935” என்று எழுதிப் பாருங்கள். \ க்குப் பின் 0 முதல் 7 வரையுள்ள எண் வந்தால் அதை எட்டின் அடிமானத்தில் எழுதிய எழுத்துக்குறியீடு என்று பைத்தான் நினைக்கும். இங்கே 1 அந்தக் கணக்கில் சேரும், 9 சேராது. ஆகவே \1 என்பது கண்ணுக்குத் தெரியாத, முதலாம் எண் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுக் குறியாக மாறி, அதன் பின்னால் 935 நிற்கும். விண்டோஸ் அந்தக் குறியைப் பெயரில் அனுமதிக்காது, உடனே பிழை சொல்லும். லினக்ஸ் அனுமதிக்கும், பெயருக்குள் ஒரு பேய் எழுத்து உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரிங்குக்கு முன்னால் r என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு இதைத் தடுக்கலாம்தான், ஆனால் அப்படிப்பட்ட ஸ்ட்ரிங் ஒற்றை \ உடன் முடியக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருக்கிறது. பைத்தான் 3.12 முதல், பொருளில்லாத \ சேர்க்கைகளுக்கு எச்சரிக்கை தெளிவாகத் திரையில் வரும். அதைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். ஆனால் \1 போல ஏற்கெனவே பொருள் உள்ளவற்றுக்கு அந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, பாதையை ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளாமல் பாதையாகவே வைத்துக்கொள்வது. பைத்தானில் 3.4 பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், பாத்லிப் என்ற தொகுதி கூடவே வருகிறது. அதில் எழுதும் வரி இப்படி இருக்கும் (வேர் என்பது எல்லாவற்றுக்கும் மேலுள்ள ஃபோல்டர்):

வேர் / "கானாடுகாத்தான்" / "பேரேடு" / "1935"

இங்கே / என்பது எழுத்தே இல்லை. இரண்டு பெயர்களைச் சேர்க்கும் செயற்குறி. எந்த சிஸ்டத்தில் ஓடுகிறதோ அதற்கேற்ற குறியை பாத்லிப் தானே போட்டுக்கொள்ளும். மாறிக்குத் தமிழில் வேர் என்று பெயர் வைப்பதும் பைத்தான் 3-ல் செல்லும். பழைய ஓஎஸ் பாத் தொகுதியின் ஜாயினும் இதே வேலையைச் செய்யும். ஏற்கெனவே அதில் எழுதியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும் என்றில்லை. இரண்டிலும் ஒரு பொறி உண்டு: நடுவில் சேர்க்கும் துண்டு / உடன் தொடங்கினால், அதற்கு முன்னால் சேர்த்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். பட்டியலிலிருந்து வரும் துண்டுகளின் தலையில் ஸ்லாஷ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர் என்ற அந்த ஒன்றை மட்டும் ஒரே இடத்தில், ஸ்கிரிப்டின் தலையிலோ ஒரு சின்ன அமைப்பு ஃபைலிலோ வையுங்கள். விண்டோஸில் அது டி டிரைவில் இருக்கலாம், உபுண்டுவில் பென் டிரைவ் மீடியா ஃபோல்டருக்குள் வரும், மேக்கில் வால்யூம்ஸுக்குள். இது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவே முடியாது, அதற்கு முயற்சி செய்வதும் வீண். அதற்குக் கீழே உள்ளது எல்லாம் வேரிலிருந்து சொல்லும் பாதையாக இருக்கட்டும். வீட்டுக்குள் ஒரு பெட்டியை எடுத்துவரச் சொல்லும்போது “இரண்டாம் கட்டு, வலப்பக்கத்து அறை” என்றால் போதும். காரைக்குடியிலிருந்து எந்த பஸ் பிடிப்பது என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நீங்கள் எக்செலில் வைத்திருக்கும் பட்டியலிலும் அப்படியே: டிரைவ் எழுத்து கூடாது, வேரிலிருந்து கீழே உள்ளது மட்டும், எப்போதும் / போட்டு. பாத்லிப்பில் பாதையை இந்த வடிவில் எழுதித் தரும் ஆஸ்-போசிக்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஏற்கெனவே \ போட்டுச் சேமித்த வரிசைகளை லினக்ஸில் படிக்க, அதே தொகுதியில் பியூர்-விண்டோஸ்-பாத் என்று ஒன்று உண்டு. அதன் வழியாகப் படித்தால் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் விண்டோஸ் விதிப்படி பிரித்துக் கொடுக்கும். பட்டியலை சிஎஸ்வியாக எழுதும்போது என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் அந்தக் கம்ப்யூட்டரின் பழைய குறியீட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்வதால், தமிழ் வரும் வரியில் ஸ்கிரிப்ட் விழும்.

இனிப் பெயர்கள். விலாசத்தை ஃபோல்டர் பெயராக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நம் விலாசங்கள் புள்ளியில் முடிபவை: “ராம.அழ.” என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் ஒரு பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் சத்தமில்லாமல் உரித்துவிடும். நீங்கள் “ராம.அழ.” என்று உருவாக்கச் சொன்னால் வட்டில் விழுவது “ராம.அழ”. லினக்ஸில் புள்ளி அப்படியே இருக்கும். பட்டியலில் புள்ளியோடு இருக்கிறது, ஃபோல்டரில் இல்லை, இரண்டையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் “காணவில்லை” என்கிறது. கடைசிப் புள்ளியை நீங்களே எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள்.

எடுத்தாலும் நடுப்புள்ளி நிற்கிறது, அதில் இன்னும் பெரிய ஆபத்து. பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை ஃபைலின் வகைப் பின்னொட்டு என்றே எல்லாத் தொகுதிகளும் நினைக்கும். பாத்லிப்புக்கு “ராம.அழ” என்பதன் பின்னொட்டு “.அழ”. ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு விவரக் குறிப்பு எழுதலாம் என்று, ஃபோல்டர் பெயரை எடுத்து வித்-சஃபிக்ஸ் கொண்டு டிஎக்ஸ்டி பின்னொட்டு மாட்டினால், “.அழ” போய் “ராம.டிஎக்ஸ்டி” என்று வரும். அடுத்து “ராம.சித” வரும்போதும் அதே “ராம.டிஎக்ஸ்டி” தான். முதலாவதன் மேல் இரண்டாவது எழுதப்பட்டு, ஒரு குடும்பத்தின் குறிப்பு இன்னொரு குடும்பத்தினதாகிவிடும், பிழைச் செய்தி ஒன்றுகூட வராமல். பெயரின் கடைசியில் பின்னொட்டைச் சேர்த்து ஒட்டுங்கள், மாற்றாதீர்கள். அல்லது நான் செய்வதுபோல் விலாசத்துப் புள்ளிகளை ஃபோல்டர் பெயரில் கீழ்க்கோடாக வைத்துவிட்டு, உண்மையான விலாசத்தைப் புள்ளியோடு பட்டியலில் எழுதிவிடுங்கள். விலாசத்தில் புள்ளி எங்கே என்பது குடும்பத்தாருக்கு முக்கியம். அது பத்திரமாக இருக்க வேண்டிய இடம் பட்டியல்.

பேரேட்டுத் தேதியை 12/8/1935 என்று அப்படியே பெயரில் வைக்காதீர்கள், மூன்றடுக்கு ஃபோல்டராகிவிடும். 1935-08-12 என்று வைத்தால் வரிசையும் தானாக வரும். விண்டோஸ் ஒப்புக்கொள்ளாத குறிகள்: < > : " / \ | ? * ஆகியவை. உபுண்டுவில் நேரத்தை 10:30 என்று பெயரில் வைத்தால் அங்கே ஓடும், விண்டோஸுக்கு நகல் எடுக்கும்போது நிற்கும்.

இப்போது தேவகோட்டை. தமிழில் கொ, கோ, கௌ மூன்றையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கோ என்பதை, க-வுக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது க-வுக்குப் பின் ஏகாரக் கொம்பு, அதற்குப் பின் கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், எந்தக் கண்ணாலும் வேறுபாடு காணமுடியாது. “தேவகோட்டை” சேர்ந்த வடிவில் 9 குறியீடுகள், பிரிந்த வடிவில் 10. மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்தே சேமித்தது. 2017 முதல் மேக்கில் வந்த புதிய அமைப்பான ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்திலேயே வைத்துக்கொள்ளும், தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸும் விண்டோஸும் இரண்டையும் வேறு வேறு பெயராகத்தான் பார்க்கின்றன. மேக்கில் செய்த ஜிப்பில் பெயர்கள் பிரிந்த வடிவில் வருவது சகஜம். உங்கள் பழைய ஃபோல்டர் சேர்ந்த வடிவம், தங்கையிடமிருந்து வந்தது பிரிந்த வடிவம். அதனால் உபுண்டுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கோட்டையூர், கொத்தமங்கலம், கோனாபட்டு எல்லாவற்றுக்கும் இதே கதி வரும். காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் வராது, அவற்றில் பிரியக்கூடிய எழுத்து இல்லை.

இதற்கு பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. என்எஃப்சி என்று கேட்டால் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும். விதி எளிது: பெயர் எங்கிருந்து வந்தாலும், பட்டியலிலிருந்தோ டிரைவிலிருந்தோ, ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி ஆக்குங்கள், புதிதாக உருவாக்கும் பெயரையும் அப்படியே. ஆனால் ஏற்கெனவே வட்டில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போது வட்டு சொன்ன பெயரையே கொடுக்க வேண்டும். திருத்திய பெயரைக் கொடுத்தால் லினக்ஸ் அப்படி ஒன்று இல்லை என்றுவிடும்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ஸ்ரீ என்பதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான் வரும், ஆனால் யூனிகோடுக்கு இவை வேறு எழுத்துகள். ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவோரும் நிறையப் பேர். இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீளமும் தமிழுக்குத் தனிக் கணக்கு. லினக்ஸில் வழக்கமான ஃபைல் அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட். யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கானாடுகாத்தான் நமக்கு 7 எழுத்து. யூனிகோடுக்கு 14 குறியீடு. லினக்ஸுக்கு 42 பைட். ஆகத் தமிழில் ஒரு பெயர் 85 குறியீடுகளைத் தாண்டக்கூடாது. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை இடம் உண்டு, ஆனால் முழுப் பாதைக்கு 260 என்ற பழைய வரம்பு இருக்கிறது. விண்டோஸ் 10-ல் 2016-க்குப் பிறகு அதைத் தளர்த்தலாம் என்றாலும், நாமே அமைப்பில் போய் இயக்க வேண்டும். இசைகுடிமானத்தின் முதல் வரியை அப்படியே ஃபைல் பெயராக வைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தமிழில் பெயரே வைக்காதீர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் ஃபோல்டரைத் திறந்து தாங்களே தேட முடிய வேண்டும். அதற்குத்தானே இவ்வளவு பாடு. ஃபோல்டர்கள் தமிழில் சுருக்கமாக இருக்கட்டும், பக்க ஃபைல்கள் வெறும் எண்ணாக 001, 002 என்று இருக்கட்டும். முன்னால் பூஜ்ஜியம் முக்கியம், இல்லாவிட்டால் 10 வந்து 2-க்கு முன் நிற்கும். இன்னொன்று: ஃபோல்டரில் உள்ளவற்றை விண்டோஸ் வட்டு பொதுவாகப் பெயர் வரிசையில் தரும், லினக்ஸ் தன் இஷ்டத்துக்குத் தரும். வந்த வரிசையிலேயே பேரேட்டுக்குப் பக்க எண் போட்டால் உபுண்டுவில் பக்கங்கள் கலைந்துபோகும். எப்போதும் சார்ட்டெட் போட்டு வரிசைப்படுத்திவிட்டே எண்ணுங்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பேதம் இல்லை, ஆனால் பின்னொட்டில் உண்டு. கேமராக்கள் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும். சின்ன எழுத்தில் தேடினால் விண்டோஸில் கிடைக்கும், லினக்ஸில் கிடைக்காது. பின்னொட்டைச் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். மேக்கில் செருகி எடுத்த பென் டிரைவில் ._ என்று தொடங்கும் குட்டி ஃபைல்கள் இருக்கும். அவை படமல்ல, தாண்டிவிடுங்கள்.

உபுண்டுவில் ஏற்கெனவே குவிந்த ஃபைல்களை மீட்பது கடினமில்லை. பெயரில் \ உள்ளவற்றை எடுத்து, பியூர்-விண்டோஸ்-பாத்தால் பிரித்து, அந்தத் துண்டுகளை வேரின் கீழ் பாத்லிப்பால் சேர்த்து, ஃபோல்டரை உருவாக்கி நகர்த்தினால் முடிந்தது. நகர்த்தும்முன் அங்கே அதே பெயரில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பெயர் மாற்றும்போது இலக்கில் ஃபைல் இருந்தால் விண்டோஸ் மறுக்கும். லினக்ஸ் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். முதல் தடவை நகர்த்தாமல், எது எங்கே போகும் என்று மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். அதற்கும் முன் ஒரு முழு நகலை வேறு டிரைவில் எடுத்துவிடுங்கள். அந்தப் பேரேடுகளைத் திரும்ப விரித்து ஸ்கேன் செய்தால் தாள் தாங்காது.

தேவகோட்டை விஷயத்தில் மட்டும் உங்கள் டிரைவைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். இரண்டு ஃபோல்டர் பெயருக்கும் பைத்தானில் நீளம் சொல்லும் லென் போட்டு எண்ணை எழுதுங்கள். ஒன்று 9, மற்றது 10 என்றால் மேலே சொன்னதுதான். இரண்டும் 9 என்றால் குறியீடுகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்க்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் வந்தால், பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.